மரச்சட்டங்கள் உரைக்கும் வரலாறு

கோட்டைகளும் கல்வெட்டுகளும் மட்டுமே வரலாற்றுச் சான்றுகள் எனக் கருதுவது பொருந்தாது. நாள்தோறும் நாம் திறந்து மூடும் கதவும், பற்றி ஏறும் மாடிப்படிக் கைப்பிடியும், காற்றுக்காகத் திறந்துவைக்கும் சாளரச் சட்டமும் வரலாற்றைத் தம்மீது தாங்கி நிற்பவையே. பினாங்குத் தீவின் ஜார்ஜ் டவுன் நகரிலுள்ள பழைய கடைவீடுகள் இவ்வுண்மைக்குச் சான்று பகரும்.

1786ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 11ஆம் நாள் பிரான்சிஸ் லைட் இத்தீவில் ஆங்கிலக் கொடியை ஏற்றினார். வாணிகம் வளர்ந்தது. சீனரும், சூலியர் எனப்பட்ட தமிழ் முஸ்லிம்களும், பிற இனத்தவரும் வாழ்ந்த தெருக்களில், கீழே கடையும் மேலே குடியிருப்புமாக வீடுகள் எழுந்தன. செங்கல்லும் சுண்ணாம்பும் சுவராயின. மாடித்தளமும் படியும் கதவும் தடுப்பும் மரமாயின. சுவருக்குச் சுண்ணாம்பு பூசினர். மரத்திற்கோ எண்ணெய்ச் சாயம் வேண்டியிருந்தது.

அக்காலத்து எண்ணெய்ச் சாயத்தின் உயிர்நாடி ஆளிவிதை எண்ணெயும் காரீய வெள்ளையுமே. காரீயம் எண்ணெயோடு கூடி, உறுதியும் நெகிழ்வும் உடைய படலத்தை உண்டாக்கும். ஆதலின் உலகெங்கும் அதனை விரும்பினர். எனினும் அதன் நச்சுத்தன்மை அறியப்படாத ஒன்றன்று. லைட் கொடியேற்றுவதற்குச் சில நாட்களுக்கு முன்னர்தான், அதே 1786 ஜூலைத் திங்கள் இறுதியில், பெஞ்சமின் பிராங்கிளின் தம் நண்பருக்கு வரைந்த மடலில் காரீயத்தின் தீங்குகளை எடுத்துரைத்திருந்தார். அறிந்த உண்மையை உலகம் ஏற்கத் தயங்கியது. விளைவைத் தொழிலாளரும் குழந்தைகளும் சுமந்தனர்.

1904இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரக் கண் மருத்துவர் லாக்கார்ட் கிப்சன், குழந்தைகளை வாட்டிய நோயின் மூலத்தைச் சுட்டினார். வீட்டுத் தாழ்வாரத்தின் மரக்கம்பிச் சட்டங்களிலும் அறைச் சுவர்களிலும் பூசிய சாயம் வெயிலில் பொடியாகி, குழந்தைகளின் விரல்வழியே வாய்க்குள் சென்றது என்பதே அவர் கண்ட முடிவு. 1921இல் ஜெனீவாவில் கூடிய அனைத்துலகத் தொழிலாளர் மாநாடு, கட்டடங்களின் உட்பகுதிகளில் காரீய வெள்ளை பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையை, சில விலக்குகளுடன், நிறைவேற்றியது. அமெரிக்காவோ 1978இல்தான் வீட்டுச் சாயத்தில் காரீயத்தைத் தடைசெய்தது. மருத்துவரின் சொல்லுக்கும் அச்சட்டத்திற்கும் இடையே 74 ஆண்டுகள் கழிந்தன!

ஜார்ஜ் டவுனின் நிலை யாது? 1948ஆம் ஆண்டிற்கு முன் எழுந்த வீடுகளின் வாடகையை 1966ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. வாடகை குறைவாயிருந்தமையால் பழுதுபார்ப்பில் உரிமையாளர் பலர் நாட்டம் கொள்ளவில்லை. எனினும் அதனாலேயே பழைய வீடுகள் பல இடிபடாது தப்பின. 2000 ஜனவரி முதல் அக்கட்டுப்பாடு நீங்கியது. ஏழைக் குடித்தனக்காரர் பலர் வெளியேறினர். வீடுகள் புதுக்கோலம் பூண்டன. 2008இல் இந்நகர் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

புதுப்பித்தலுக்கு நல்ல எடுத்துக்காட்டும் இங்கே உண்டு. லீத் தெருவில் சீன வணிகர் சியோங் ஃபாட் சி கட்டிய நீல மாளிகையை மரபு ஆர்வலர்கள் 1989இல் வாங்கி, பழைய பொருள்களையும் தொழில்நுட்பங்களையும் போற்றிச் சீரமைத்தனர். அதன் புறச்சுவரின் நீலம், சுண்ணாம்பில் அவுரி கலந்த நிறமாகும். 2000ஆம் ஆண்டில் அச்சீரமைப்பு யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் மரபு விருதுகளில் முதன்மை பெற்றது.

இன்று சிலர் பழஞ்சாயத்தை முற்றும் சுரண்டி, வெறும் மரத்தைக் காட்டுவதே அழகெனக் கருதுகின்றனர். அதனால் விளையும் கேடு இரண்டு. அடுக்கடுக்காய்ப் படிந்த நிறங்கள், ஒவ்வொரு தலைமுறையின் விருப்பையும் வளத்தையும் உரைக்கும் ஏடுகள், அவை அழிகின்றன. மேலும் உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தாலும் தீயால் வாட்டினாலும் காரீயத் தூசியும் புகையும் வீட்டில் பரவும். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது குன்றச் செய்யும்.

ஆகவே உறுதியாய் ஒட்டியுள்ள பழஞ்சாயத்தை அகற்றாது, அதன்மேலேயே புதுச்சாயம் பூசுதல் நன்று. உரிந்த இடத்தை நீரால் நனைத்துத் தேய்த்து, கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுத்தல் வேண்டும். பணி முடியும்வரை குழந்தைகளையும் கருவுற்ற பெண்களையும் அப்பால் வைத்தல் வேண்டும். கண்ணில் படாத ஒரு மூலையில், விரலளவு இடத்தைப் பழைய அடுக்குகளோடு அப்படியே விட்டுவைத்தல் வருங்கால ஆய்வாளர்க்கு நாம் செய்யும் உதவியாகும்.

மாணவர்களே! சாயம் பூசும் தொழிலாளியின் நுரையீரலும், தவழும் குழந்தையின் விரலும், முன்னோர் விட்டுச்சென்ற நிறமும் ஒரே கதவுநிலையில் சந்திக்கின்றன. இம்மூன்றையும் ஒருங்கே காப்பதே மரபைப் போற்றுதலாகும்.