முள்ளிவாய்க்கால்: காணி நிரவலும் வடிகால் விதிகளும்

முள்ளிவாய்க்கால், இலங்கையின் முல்லைத்தீவு மாவட்டத்தில் கரைத்துறைப்பற்றுப் பிரதேச செயலாளர் பிரிவைச் சேர்ந்த கரையோர ஊர். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் நந்திக்கடல் களப்பு. நடுவே கிடக்கும் ஒடுங்கிய மணற்பட்டிதான் ஊர். பரந்தன்–முல்லைத்தீவு ஏ-35 வீதி இதனூடாக வட்டுவாகல் பாலத்துக்குப் போகிறது. இங்கே அத்திவாரம் போடுவதற்காகக் காணியை வெட்டினாலும் நிரவினாலும் அடுத்த வளவின் வெள்ளமும் அதோடு மாறிவிடும்.

நிலம் மட்டப்படுத்துவதற்கான விதிகள் ஒரே சட்டத்தில் இல்லை. கட்டட வரைபடத்துக்கான அனுமதியைக் கரைத்துறைப்பற்றுப் பிரதேச சபை வழங்குகிறது. அதற்கு அடிப்படை 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டமும். கரையோரக் காணியென்றால் 1981ஆம் ஆண்டின் 57ஆம் இலக்கக் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். சராசரி உயர்நீர் மட்டத்திலிருந்து 300 மீற்றர் உள்ளே வரை கரையோர வலயம். அதற்குள் மண் கொட்டி நிரப்புவது, மணல் அள்ளுவது, இயற்கைத் தாவரங்களை அகற்றுவது எல்லாமே ‘அபிவிருத்தி நடவடிக்கை’ என்றே கணிக்கப்படும், அனுமதிப்பத்திரம் வேண்டும். 2011ஆம் ஆண்டுத் திருத்தம் கடலோடு தொடர்புள்ள களப்புகளின் ஓரத்தையும் வலயத்துக்குள் கொண்டுவந்தது. நந்திக்கடல் 2017இல் இயற்கை ஒதுக்கமாகவும் பிரகடனப்படுத்தப்பட்டதால், களப்போரக் காணிகளின் எல்லையை வனஜீவராசிகள் திணைக்களத்திடமும் உறுதிசெய்துகொள்வது அவசியம்.

வயலை மேடாக்குவதற்குக் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் ஒப்புதல் வேண்டும். கிரவல் அகழவும் ஏற்றவும் 1992ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டப்படி புவிச்சரிதவியல் அளவை, சுரங்கப் பணியகத்தின் உரிமம் தேவை. ஈரநிலத்தில் 4 ஹெக்டேயருக்கு மேல் நிரப்புவதானால் சுற்றாடல் தாக்க மதிப்பீடு கட்டாயம்.

கடதாசி வேலை இவ்வளவுதான். தண்ணீரின் வேலை இதைவிடச் சிக்கலானது. கோடையில் மணல் எவ்வளவு நீரையும் குடித்துவிடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் நிலத்தடி நீர் மேலெழுந்து மணல் நிறைந்தபின் மழைநீர் தேங்கத்தான் செய்யும். வட்டுவாகல் முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் நந்திக்கடலும் வீங்கி நிற்கும். முகத்துவாரத்தை வெட்டிவிட்டால்தான் நீர் கடலுக்கு இறங்கும். இந்த மாதங்களில் புயலும் சேரலாம்: 2020 டிசம்பர் 2 இரவு புரெவிப் புயல் கரையைக் கடந்தது திருகோணமலைக்கும் முல்லைத்தீவுக்கும் இடையில்தான்.

இந்த நிலத்தில் இரண்டடி கிரவல் போட்டு இறுக்கினால், முன்பு மணலுக்குள் இறங்கிய நீர் கிரவலைக் கரைத்துச் சிவப்பாக ஓடி அயல் முற்றத்தின் வெள்ளை மணலில் படியும். கிடுகு வேலி வெள்ளத்தை விட்டுவிடும், மதில் மறித்துவிடும். மதில் கட்டுகிறவர்கள் அடியில் நீர்வழி விடாமல் கட்டுவதை நான் பெரும் பிழையாகவே கருதுகிறேன். இலங்கையின் பொதுச் சட்டமான ரோமன்-டச்சுச் சட்டமும் இதில் தெளிவாகவே இருக்கிறது: மேட்டுக் காணியிலிருந்து இயல்பாக வரும் நீரைப் பள்ளக் காணி ஏற்கவேண்டும், ஆனால் செயற்கையாகத் திருப்பிவிட்ட நீரை ஏற்கவேண்டிய கடமை அதற்கு இல்லை. ஆகவே வீட்டு மட்டத்தை மட்டும் உயர்த்தி, வளவைப் பழைய மட்டத்திலேயே விட்டு, வீதி வாய்க்காலுக்கும் மதகுக்கும் சரிவு கொடுப்பதே இங்கே நல்ல முறை.

இந்த ஊரின் மண்ணுக்கு இன்னொரு விதியும் உண்டு. 2009 மே மாதம் உள்நாட்டுப் போர் முடிந்தது இங்கேதான். கண்ணிவெடி அகற்றப்பட்ட காணியென்று உறுதிப்படுத்தாமல் இயந்திரத்தை இறக்கக் கூடாது. கண்ணிவெடி மட்டுமல்ல, மனித எச்சங்களும் மண்ணுக்குள் இருக்கலாம்: இதே மாவட்டத்தின் கொக்குத்தொடுவாயில் 2023 ஜூன் மாதம் குடிநீர்க் குழாய் பதிக்க வெட்டிய கிடங்கில் எலும்புகளும் உடைகளும் தென்பட்டன. நீதிமன்ற உத்தரவில் நடந்த அகழ்வில் 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. முள்ளிவாய்க்காலில் மண் வெட்டுகிறவர், ஒரு துணித்துண்டு தெரிந்தாலும் வேலையை அங்கேயே நிறுத்திப் பொலிஸார் ஊடாக நீதவானுக்கு அறிவிக்கவேண்டும்.