நடக்காமல் போனதற்கு எத்தனை மார்க்?

நியூஜெர்ஸியில் மகள் வீட்டில் நான்கு மாதம் தங்கியிருந்ததைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். அங்கே ஒரு புதன்கிழமை மாலை, ஒன்பதாவது படிக்கும் பேரன் மடிக்கணினியோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தான்.

"தாத்தா, நீங்க 36 வருஷம் கணக்குப் பார்த்தவர்தானே? இதுல எந்த டிஃபென்ஸை எடுக்கலாம், சொல்லுங்க."

எனக்குத் தெரிந்த ஃபுட்பால் புதுச்சேரியில் பிரெஞ்சுப் பள்ளி மைதானத்தில் ஆடியது. நான் 'அரியேர்', அதாவது பின்வரிசைத் தடுப்பாளன். கோல் போட்டவனை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு போவார்கள். அரியேரை யாரும் தூக்கியது கிடையாது. அதனாலோ என்னவோ, "டிஃபென்ஸ்" என்று பையன் சொன்னதும் காது விரிந்தது. அன்று தொடங்கி இரண்டு மாதம் இதன் வரலாற்றைப் படித்தேன். படித்ததை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் ஆட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க ஃபுட்பாலில் காலுக்கு வேலை குறைவு. முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள், எறிவார்கள். நான்கு முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முடியாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும். எல்லைக்குள் பந்தைக் கொண்டு சேர்த்தால் 'டச்டவுன்', 6 புள்ளி. கம்பங்களுக்கு நடுவே உதைத்தால் 3 புள்ளி. பந்தை எறிகிறவர் பெயர் குவார்ட்டர்பேக். ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வையுங்கள். தாக்குவதற்கு 11 பேர், தடுப்பதற்கு வேறு 11 பேர், உதைக்கும் நேரத்துக்கு இன்னொரு குழு என்று ஒரே அணிக்குள் மூன்று பிரிவுகள் உண்டு.

பேரன் ஆடுவது நிஜ ஆட்டம் இல்லை. நம் ஊரில் கிரிக்கெட்டுக்கு வந்ததே, அந்த மாதிரி கற்பனை அணி. நிஜ ஆட்டக்காரர்களைப் பங்கு பிரித்து எடுத்துக்கொள்வார்கள். அவர்கள் களத்தில் செய்வதற்கெல்லாம் வாராவாரம் மதிப்பெண். குழப்பம் வராமல் இருக்க, நிஜ ஆட்டத்தில் விழுவதைப் 'புள்ளி' என்றும், கற்பனை ஆட்டத்தில் கிடைப்பதை 'மார்க்' என்றும் எழுதுகிறேன். பேரன் கூட்டத்தில் காசு கிடையாது. கடைசியில் தோற்றவன் எல்லோருக்கும் பீட்சா வாங்கித் தரவேண்டும், அவ்வளவுதான்.

இந்த விளையாட்டு பிறந்த கதை சுவையானது. 1962-ல் கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணி நியூயார்க் பக்கம் ஆடப் போயிருந்தது. அணியின் பங்குதாரர்களில் ஒருவரான வில்ஃப்ரெட் விங்கென்பாக், அணியின் விளம்பர அலுவலர் பில் டனல், ஓக்லண்ட் ட்ரிப்யூன் நிருபர் ஸ்காட்டி ஸ்டெர்லிங் ஆகிய மூவரும் ஓட்டல் அறையில் உட்கார்ந்து விதிகளை எழுதினார்கள். மறு ஆண்டு, 1963 ஆகஸ்டில், விங்கென்பாக் வீட்டில் எட்டு அணிகளோடு முதல் ஆட்டம் தொடங்கியது. அப்போதே தடுப்பு ஆட்டக்காரர்களையும் தேர்ந்தெடுக்க இடம் வைத்திருந்தார்கள். ஆனால் பணம் கிடைத்தது கண்ணுக்குத் தெரியும் புள்ளிகளுக்குத்தான். தடுப்பாளர் எதிரியின் பந்தைப் பறித்துக்கொண்டு ஓடி டச்டவுன் போட்டால் காசு உண்டு. எதிரியை டச்டவுன் போடவிடாமல் நிறுத்தினால் ஒன்றும் கிடையாது.

அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. திங்கட்கிழமை செய்தித்தாளைப் பார்த்துத்தான் கணக்குப் போடவேண்டும். தாளில் வராததைப் பேரேட்டில் எப்படி ஏற்றுவது?

ஒரு உதாரணம் சொல்கிறேன். குவார்ட்டர்பேக் பந்தை எறிவதற்கு முன்பே பாய்ந்து அவரைத் தரையில் சாய்ப்பதற்கு 'சாக்' என்று பெயர். இந்தச் சொல்லைப் பரப்பியவர் லாஸ் ஏஞ்சல்ஸ் ராம்ஸ் அணியின் டீக்கன் ஜோன்ஸ். படையெடுத்து வந்தவர்கள் ஒரு நகரத்தைச் சூறையாடுகிற மாதிரி என்பது அவர் தந்த விளக்கம். பிரெஞ்சில் 'மெத்ர் ஆ சாக்' என்றாலும் சூறையாடுவதுதான் என்பதால் எனக்கு உடனே விளங்கியது. ஜோன்ஸ் 1974-ல் ஓய்வு பெற்றார். ஆனால் தேசிய ஃபுட்பால் லீக், ஒவ்வொரு ஆட்டக்காரரும் எத்தனை சாக் செய்தார் என்று அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது 1982-ல்! சொல்லைக் கொடுத்த மனிதரின் கணக்கில் அதிகாரபூர்வமாக ஒரு சாக்கூட இல்லை. பின்னாளில் ஆய்வாளர்கள் பழைய பதிவுகளைப் புரட்டி 173.5 என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த அரை எப்படி வந்தது என்றால், இரண்டு பேர் சேர்ந்து சாய்த்தால் ஆளுக்குப் பாதி.

இதற்கெல்லாம் ஒரு வழியாக, தடுப்பாளர்களைத் தனித்தனியாக எடுக்காமல் ஓர் அணியின் தடுப்பு முழுவதையும் ஒரே ஆளாகப் பாவித்து எடுக்கும் பழக்கம் பின்னால் வந்தது. பேரன் கேட்ட 'டிஃபென்ஸ்' இதுதான். பரவலாக இருக்கும் முறை இது: ஒரு சாக்குக்கு 1 மார்க், எறிந்த பந்தைப் பறித்தாலும் நழுவிய பந்தைக் கைப்பற்றினாலும் 2, டச்டவுனுக்கு 6. அதற்கு மேல், எதிரணிக்குக் கொடுத்த புள்ளிகளுக்கு ஒரு பட்டியல். ஒரு புள்ளியும் கொடுக்காவிட்டால் 10 மார்க், 1 முதல் 6 வரை கொடுத்தால் 7, 7 முதல் 13 வரை 4, 14 முதல் 20 வரை 1. அதற்குமேல் கொடுத்தால் பூஜ்யம், 28-ஐத் தொட்டால் கழித்தல் கணக்கு.

ஆக, நடக்காமல் போனதற்கும் மார்க் வந்துவிட்டது. பட்டியலைப் பார்த்ததும் எனக்கு ரொம்பத் திருப்தி. ஆனால் பழைய பதிவுகளை இதில் பொருத்திப் பார்த்தபோது இடறியது. நான்கு அணிகளைச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

1976-ன் பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ். 'எஃகுத் திரை' என்று பெயரெடுத்த தடுப்பு. 14 ஆட்டங்களில் கொடுத்தது 138 புள்ளி. ஆட்டத்துக்குப் பத்துக்கும் குறைவு, பிரமாதம். ஆனால் பிரித்துப் பாருங்கள். முதல் 5 ஆட்டங்களில் 110 புள்ளி கொடுத்து, நான்கில் தோற்றார்கள். மீதி 9 ஆட்டங்களில் கொடுத்தது வெறும் 28! அதில் ஐந்து ஆட்டங்களில் எதிரணி முட்டை. ஐந்தாவது வாரம் பேரேட்டைப் பார்த்தவன் இந்த அணியைத் தூக்கி எறிந்திருப்பான். மொத்தத் தொகை பொய் சொல்லவில்லை. ஆனால் பாதி வழியில் நிற்பவனுக்கு அது உதவாது.

1977-ன் அட்லாண்டா ஃபால்கன்ஸ். 14 ஆட்டங்களில் 129 புள்ளிதான் கொடுத்தார்கள், ஸ்டீலர்ஸைவிடவும் குறைவு. ஆனாலும் 7 வெற்றி, 7 தோல்வி. அவர்களுடைய தாக்கும் பிரிவு அவ்வளவு பலவீனம். தடுத்தவர்கள் செய்த வேலை வெற்றிப் பட்டியலில் பாதியாகத் தெரிகிறது.

அடுத்த ஆண்டு, 1978-ல், விதியையே மாற்றினார்கள். பந்தைப் பிடிக்க ஓடுகிறவரை ஐந்து கஜத்துக்கு அப்பால் தள்ளக்கூடாது என்று வந்தது. புள்ளிகள் பெருகின. அதே ஆண்டில் ஆட்டங்களும் 14-லிருந்து 16 ஆயின. 2021 முதல் 17. ஆகவே விலைவாசி பார்க்காமல் 1970-ன் சம்பளத்தையும் இன்றைய சம்பளத்தையும் ஒப்பிடுவது எப்படியோ, அப்படித்தான் இந்தத் தடுப்புகளை மொத்தத் தொகையால் ஒப்பிடுவதும்.

1985-ன் சிகாகோ பேர்ஸ் புது விதிக்குள் வந்தவர்கள். 16 ஆட்டங்களில் 198 புள்ளி கொடுத்தார்கள். ஆனால் 64 சாக், 34 பந்துகளைப் பறித்தார்கள். பயிற்சியாளர் பட்டி ரயன் குவார்ட்டர்பேக்கை நோக்கி ஆட்களைக் குவித்து அனுப்பினார். அந்த உத்திக்கு '46' என்று பெயர், டக் பிளாங்க் என்ற ஆட்டக்காரரின் சட்டை எண் அது. இறுதிச் சுற்றுகளில் முதல் இரண்டு எதிரணிகளுக்கும் முட்டை. 1986 ஜனவரியில் நடந்த சூப்பர் போலில் 46–10 என்று வென்றார்கள். காத்திருந்து தடுப்பது ஒரு வகை, தேடிப்போய்த் தடுப்பது ஒரு வகை. கற்பனை ஆட்டத்தில் மார்க் குவிவது இரண்டாவது வகைக்குத்தான்.

கடைசியாக 2000-ன் பால்டிமோர் ரேவன்ஸ். 16 ஆட்டங்களில் 165 புள்ளி, 16 ஆட்டக் காலத்தின் சாதனை. தொடர்ந்து ஐந்து ஆட்டங்களில் தாக்கும் பிரிவு ஒரு டச்டவுன்கூடப் போடவில்லை. அப்படியும் அதில் இரண்டை வென்றார்கள்! 2001 ஜனவரியில் சூப்பர் போலில் நியூயார்க் ஜயண்ட்ஸை 34–7 என்று வீழ்த்தினார்கள்.

அந்த 7-ஐ கவனியுங்கள். ஜயண்ட்ஸின் ரான் டிக்சன் என்பவர், பால்டிமோர் உதைத்த பந்தைப் பிடித்து 97 கஜம் ஓடிப் போட்ட டச்டவுன் அது. அப்போது பால்டிமோரின் தடுப்புப் பிரிவு களத்திலேயே இல்லை, உதைக்கும் குழுதான் இருந்தது. தடுப்பு கொடுத்தது சுத்தமான பூஜ்யம். ஆனால் எதிரணியின் மொத்தப் புள்ளியை அப்படியே பட்டியலில் பொருத்தினால், தடுப்புக்கு 10 மார்க்குக்குப் பதில் 4 மார்க். எங்கள் பாஷையில் சொன்னால், ஒரு பிரிவின் செலவை வேறொரு கணக்குத் தலைப்பில் பற்று எழுதியிருக்கிறது. பல இடங்களில் இரண்டு பிரிவையும் ஒன்றாகச் சேர்த்தே எடுப்பதால், இதற்குச் சமாதானமும் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு பேரனுக்கு நான் சொன்னது இதுதான். போன வருஷத்து மொத்தத்தைப் பார்க்காதே. டச்டவுனால் வந்த மார்க்கை நம்பாதே, முட்டைப் பந்து தரையில் விழுந்தால் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதற்கே தெரியாது. குவார்ட்டர்பேக்கை வாராவாரம் விரட்டுகிற அணி எது என்று பார். அதைவிட முக்கியம், இந்த வாரம் எதிரில் நிற்பது யார் என்று பார். பந்தை அடிக்கடி பறிகொடுக்கும் குவார்ட்டர்பேக் எதிரில் இருந்தால் சுமாரான தடுப்பும் மார்க் வாங்கும்.

அவன் குறித்துக்கொண்டான். பிறகு, "உங்க ஆபீஸ்லயும் மார்க் போடுவாங்களா தாத்தா?" என்று கேட்டான்.

போட்டார்கள். நான் பில் சரிபார்க்கும் மேஜையில் இருந்த காலத்தில், மாதம் எத்தனை பில் பாஸ் செய்தாய் என்று மட்டும் எண்ணுவார்கள். ஒரு முறை, ஒரே பயணப்படி பில் நான்கு மாத இடைவெளியில் இரண்டாவது தடவை வந்தது. தேதி மட்டும் கொஞ்சம் மாறியிருந்தது. பழைய கட்டுகளைப் பிரித்துத் தேடியதில் இரண்டு நாள் போயிற்று. ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பினேன், பணம் போகவில்லை. அந்த மாதம் என் எண்ணிக்கை பிரிவிலேயே கடைசி. "வேலையில் தாமதம், விளக்கம் தருக" என்று ஒரு மெமோ வந்தது. விளக்கம் எழுதினேன். கோப்பில் போட்டார்கள். போகாத பணத்துக்கு எந்தப் பதிவேட்டிலும் கட்டம் இல்லை.

இதைப் பேரனிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தான். "அது கண்டிப்பா சாக் தாத்தா, ஒரு மார்க்" என்றான். "ஒண்ணுதானாடா?" என்றேன். "சரி, பணத்தையே பறிச்சீங்க இல்ல, ரெண்டு" என்று கூட்டிக் கொடுத்தான். அவன் அம்மா சமையலறையிலிருந்து சிரித்தாள்.

நான் சொன்ன அணி அந்த வாரம் என்ன செய்தது என்று கேட்பீர்கள். 31 புள்ளி வாங்கிக் கட்டிக்கொண்டது. பையன் கோபித்துக்கொள்ளவில்லை. அடுத்த புதன்கிழமையும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

நம் வாசகர்களில் தணிக்கை, கருவூலம், ரயில்வே, மின்துறை என்று வேலை பார்த்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். கட்டத்தில் ஏறாத உங்கள் சாக் ஏதாவது இருந்தால் எழுதுங்கள். பேரனிடம் சொல்லி மார்க் போடச் சொல்கிறேன்.