பண்டமாற்றும் பொதியிலும்: சங்க கால ஊர் வாழ்வு பற்றிய ஓர் ஆய்வு

பண்டமாற்று என்பது நாணயம் தோன்றுதற்கு முற்பட்ட ஒரு படிநிலை என்பதே பொருளியலார் பலர் கொண்ட கருத்து. சங்க நூல்களை வரலாற்றுச் சான்றாகக் கொண்டு எழுதுவோரும் இக்கருத்தைப் பின்பற்றி, உப்புக்கு நெல்லும் மீனுக்கு நெல்லும் மாறிய செய்திகளை ஒருங்கு தொகுத்து, ‘அக்காலத்து வாணிகம் வளர்ச்சியுறாதிருந்தது’ என்று முடிபு கூறுவர். இம்முடிபு முழுதும் பொருந்துமா என்பதும், பொருள் மாறிய மக்கள் அதனால் தமக்குள் எத்தகைய உறவினை வளர்த்துக்கொண்டனர் என்பதும் ஆராய்தற்குரியன. அவற்றை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண் ஒன்று தெளிதல் வேண்டும். சங்க காலத் தமிழர் பொன்னையும் நாணயத்தையும் அறியாதவர் அல்லர். கொங்கு நாட்டில் உரோமக் காசுகள் புதையல்களாகக் கிடைத்துள்ளன. முசிறித் துறையில் கலங்கள் பொன்னொடு வந்து மிளகொடு மீண்டமையை அகநானூறு 149-ஆம் பாட்டுக் கூறுகின்றது. முசிறி வாணிகத் தொடர்பான கடன் உடன்படிக்கை ஒன்றும் சரக்குக் கணக்கும் கிரேக்க மொழியில் எழுதப்பெற்ற கி.பி. 2-ஆம் நூற்றாண்டுப் பாப்பிரசு ஏடு 1985-இல் பதிப்பிக்கப்பெற்றபின், அவ்வாணிகத்தின் பெருமை ஐயத்திற்கு இடமின்றி விளங்கிற்று. ஆகவே, ஊரகத்தே மக்கள் பண்டத்தைப் பண்டத்திற்கு மாறியது காசினை அறியாமையால் அன்று என்பது போதரும்.

பெரும்பாணாற்றுப்படை இதற்கு நல்ல சான்றாகின்றது. மோர் மாறப் போகும் ஆய்மகள், அதனால் வந்த தவசத்தைத் தான் மட்டும் கொள்ளாது சுற்றம் அனைத்தையும் உண்பிக்கின்றாள். நெய்யின் விலையாகப் பொன் தரப்படினும் அதனைக் கொள்ளாது எருமையும் ஆவும் பெறுகின்றாள். பொன்னைக் கண்டும் அதனை வேண்டாது விடுத்த இச்செயலை அறியாமை எனல் ஒவ்வாது. ஆயர் வாழ்வில் பெருகுவது பொன் அன்று, கன்றே. அக்கன்றினைச் சூழ்ந்தே அவர்தம் சுற்றமும் நிலைபெற்றது.

இனி, மாற்றின் அளவு யாது என வினவுவோம். புறநானூறு 33-ஆம் பாட்டில் கோவூர் கிழார் நலங்கிள்ளியைப் பாடுங்கால், வேட்டுவன் மான் தசையைக் கூடையிற் கொணர்தலையும், ஆய்மகள் தயிரைத் தசும்பிற் கொணர்தலையும், உழவர் மனைமகளிர் அக்கூடையும் தசும்பும் நிறைய வெண்ணெல்லை முகந்து கொடுத்தலையும் காட்டுகின்றார். கொணர்ந்த கலமே கொடுக்கும் அளவாயிற்று. நிறைகோலும் விலைப்பேச்சும் அங்கில்லை. பெற்றோர் மகிழ்வோடு மீண்டனர் என்பதனையும் புலவர் குறிக்க மறந்திலர். உப்பு வாணிகத்திலோ அளவு சற்றுக் கண்டிப்பானது; நெல்லுக்கு உப்புச் சரி ஒப்பு என்று உமணர் மகள் தெருத்தோறும் கூவுகின்றாள். எனினும் அகநானூறு 390-ஆம் பாட்டில் அக்கூவல் உரையாடலாக மாறிவிடுகின்றது. தலைவன் அவளை வழிமறித்து விலை வினவுகின்றான். வழி விலக்கிய நீவிர் யாவிர் என அவள் முறுவலோடு எதிர்வினவுகின்றாள். பண்டத்தை முன்னிட்டு இரு வேற்று நிலத்தார் முதன்முறையாக ஒருவரோடொருவர் சொல்லாடுகின்றனர். பேச்சில்லாத மாற்று அக்காலத்து இல்லை.

பொருநராற்றுப்படையில் முடத்தாமக்கண்ணியார் கரிகாலனது நாட்டைப் பாடும் பகுதி இவ்வாராய்ச்சிக்கு உயிர்நிலை போல்வது. தேனும் கிழங்கும் கொடுத்தோர் மீனெய்யும் நறவும் கொள்கின்றனர். கரும்பும் அவலும் கொடுத்தோர் மான்தசையும் கள்ளும் கொள்கின்றனர். புலவர் இவ்வளவில் நின்றிலர். பரதவர் குறிஞ்சிப் பண்ணைப் பாடுகின்றனர்; குறவர் நெய்தற்பூங்கண்ணி சூடுகின்றனர்; கானவர் மருதத்தைப் பாடுகின்றனர். காட்டுக்கோழி நெற்கதிரையும் மனைக்கோழி தினையையும் உண்கின்றன. மலைமந்தி கழியில் மூழ்க, கழிநாரை மலையில் தங்குகின்றது. பண்டத்தோடு பண்ணும் பூவும் மாறிச் செல்கின்றன என்பதே இதன் உட்பொருள். அயல் நிலத்தாரது பண்ணைப் பாடக் கற்றவன், அவரொடு இருந்து கேட்டவனாதல் வேண்டும். திணை மயக்கம் இலக்கண நெறி மட்டுமன்று. நிலத்தார் நிலத்தாரொடு கலந்த வாழ்வின் நிழலும் ஆகும் எனக் கொள்ளல் தகும்.

ஒரே ஊரினர்க்கிடையே நிகழ்ந்த கொள்கொடைக்கு நம் முன்னோர் வழங்கிய சொல் ‘குறியெதிர்ப்பை’ என்பது. அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தருதல் அதன் பொருள் எனப் பரிமேலழகர் விளக்குவர். வட்டியும் ஊதியமும் இல்லாத இக்கைம்மாற்று, அயலார்மேல் வைத்த நம்பிக்கை ஒன்றையே ஈடாகக் கொண்டது. புறநானூறு 333-ஆம் பாட்டில், விருந்தினர் வந்தவழி அயலிடத்துக் குறியெதிர்ப்பை கிடையாத மனைவி, விதைக்கென உலரவைத்த தினையை உரலிற் பெய்கின்றாள். அயலார் கை வறண்டபோது அவ்வாண்டின் விதையே அழிகின்றது. அண்டைவீட்டு உதவி வெறும் இனிய பழக்கமன்று, உழவர் வாழ்வின் அரண் என்பதை இதனினும் வலிதாகக் காட்டும் பாட்டு அரிது.

இதன் மறுதலை 163-ஆம் பாட்டு. குமணனிடம் பெற்ற வளத்தொடு மீண்ட பெருஞ்சித்திரனார் தம் மனைவியை நோக்கி, அன்புடையார்க்கும், சுற்றத்து மூத்த மகளிர்க்கும், பசிக்காலத்து நெடுநாள் குறியெதிர்ப்பை நல்கியோர்க்கும், இன்னோர் என்னாதும் தம்மைக் கேளாதும் எல்லார்க்கும் கொடுக்குமாறு கூறுகின்றார். கடன் திருப்புதல் என்ற அளவில் தொடங்கிய சொல், அளவற்ற ஈகையில் முடிகின்றது. வறியார்க்கு ஈதலொன்றே ஈகை, பிறவெல்லாம் குறியெதிர்ப்பையின் தன்மையன எனத் திருவள்ளுவர் பிரித்துரைத்தமை அறநூல் நெறி. பெருஞ்சித்திரனார் இல்லத்திலோ இரண்டும் ஒரே குதிரினின்று செல்கின்றன. கொடையும் எதிர்கொடையும் சமுதாயப் பிணிப்பை ஆக்கும் என மார்செல் மோஸ் என்னும் பிரெஞ்சு அறிஞர் 1925-இல் விரித்துரைத்தார். அவ்வுண்மையை ஒரு மனையின் அளவில் இப்பாட்டுக் காட்டுகின்றது.

இவ்வுறவுகட்கு நடுவிடமாக அமைந்தவை மன்றமும் பொதியிலும். மர நிழலில் அமைந்த மன்றத்தில் ஊரார் கூடினர். பொதியிலில் நரைத்த முதியோர் வட்டாடினர். அவை புகுங்கால் பகை நீங்கினர். புறநானூறு 52-ஆம் பாட்டு, போரால் அழிந்த நாட்டைக் காட்ட, அரண்மனை இடிந்ததைக் கூறவில்லை. தெய்வம் நீங்கிய பொதியிலில், முதியோர் சூதாடித் தேய்ந்த குழியில் காட்டுக்கோழி முட்டையிடுவதைக் கூறுகின்றது. பேச்சொழிந்த பொதியிலே நாடழிந்தமைக்கு அளவுகோல் ஆயிற்று.

எனினும் இவ்வாழ்வினைக் குறையற்றதெனப் போற்றுதல் வரலாற்று நெறியன்று. பட்டினப்பாலையில் வேற்று நாட்டார் தங்கும் பொதியிலில் அந்தி விளக்கேற்றுவோர் கொண்டி மகளிர். அஃதாவது, பகைவரிடமிருந்து சிறைபிடித்து வரப்பெற்றோர். பொதுவிடத்தின் விளக்கு, தம் ஊரை இழந்தாரது கையால் எரிந்தது. குமணன் போன்றோர் அன்புடைக் கொடையாளராயினும், வேந்தர் பலரது கொடைப்பொருள் பிறர் நாட்டைக் கொள்ளையிட்டதால் வந்தது. மன்றத்துப் பேச்சும் எப்போதும் உறவை வளர்த்ததன்று. அலராய்க் காதலரை வருத்தியதும் அதுவே. பொதுமையின் எல்லை எங்கே முடிந்தது என்று வினவாத ஆய்வு பாதி ஆய்வேயாம்.

இதுகாறும் கூறியவாற்றான், சங்க காலப் பண்டமாற்றைக் காசில்லாதார் செயல் எனச் சுருக்குதல் பொருந்தாது என்பதும், விலை கொண்ட நொடை, நம்பிக்கை கொண்ட குறியெதிர்ப்பை, கைம்மாறு கருதாக் கொடை என மூவகை நெறிகள் ஒருங்கே வழங்கின என்பதும், அவற்றை இணைத்தது உடனிருந்து சொல்லாடும் வழக்கமே என்பதும் பெறப்படும். சங்க நூற் சொல்லடைவுகளைக் கொண்டு மாறு, நொடை, எதிர்ப்பை ஆகிய சொற்களின் ஆட்சியைத் திணைவாரியாக வகுத்து ஆராய்தல் இளம் ஆய்வாளர்க்கு உரிய பணி. அப்பணி நிறைவுறின், பழந்தமிழர் எதை விற்றனர் என்பதோடு, எதை விற்க மறுத்தனர் என்பதும் தெளிவாகும்.