காது அடைக்காத ஃப்ளைட்... கண்துடைப்பு இல்லாத சேவை! - லீவுக்குக் கிளம்பும் முன் கொஞ்சம் கவனிங்க

சென்னையிலிருந்து பாங்காக் போகும் நள்ளிரவு ஃப்ளைட்டில் ஏறிப் பாருங்கள். நம்ம வயசுப் பசங்க நிறையப் பேர் இருப்பார்கள். முன்பெல்லாம் பீச், ஷாப்பிங், செல்ஃபி என்பதோடு ட்ரிப் முடிந்துவிடும். இப்போது சிலர், ‘ரெண்டு நாள் யானைக் காப்பகத்துல வேலை பார்க்கப் போறேன்’, ‘கிராமத்து ஸ்கூல்ல இங்கிலீஷ் சொல்லித்தரப் போறேன்’ என்கிறார்கள். ‘வாலன்டூரிசம்’ என்று இதற்குப் பெயரே வந்துவிட்டது. நல்ல விஷயம்தான். ஆனால், காதைப் பிடித்துக்கொண்டு, தூக்கமே இல்லாமல் போய் இறங்கினால் முதல் நாள் ரூம் கட்டிலிலேயே கழிந்துவிடும். அதைவிடப் பெரிய சிக்கல், நாம் சேவை என்று நினைத்துச் செய்வது அங்கே இருப்பவர்களுக்கு உபத்திரவமாக முடிவது. முதலில் ஃப்ளைட் கதையை முடித்துவிடுவோம்.

அரை மணி நேரத்தில் ஊட்டி!

விமானம் 35,000 அடி உயரத்தில் பறந்தாலும், உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருக்கிற அளவுக்குத்தான் வைக்கப்படுகிறது. ஊட்டியின் உயரம் சுமார் 7,350 அடி. அதாவது, சீட் பெல்ட் போட்டபடியே அரை மணி நேரத்தில் ஊட்டிக்கு ஏறி, கடைசி அரை மணி நேரத்தில் மேட்டுப்பாளையத்துக்கு இறங்குகிறீர்கள். கொண்டை ஊசி வளைவில் காது அடைக்குமே, அதே சமாசாரம்தான் இங்கேயும்.

நடுக்காதையும் மூக்கின் பின்பகுதியையும் இணைக்கும் சின்னக் குழாய் ஒன்று இருக்கிறது. மேலே ஏறும்போது காதுக்குள் இருக்கும் காற்று அதன் வழியாகச் சுலபமாக வெளியேறிவிடும். இறங்கும்போதுதான் பிரச்னை. குழாய் தானாகத் திறக்காது, நாம்தான் திறக்க வைக்க வேண்டும். எச்சில் விழுங்கினாலோ, கொட்டாவி விட்டாலோ, சூயிங் கம் மென்றாலோ திறக்கும். அதனால் மிட்டாயை ஏறும்போதே தீர்த்துவிடாமல், இறங்குவதற்கு மிச்சம் வையுங்கள். தரையிறங்குவதற்கு 40 நிமிடங்களுக்கு முன் அலாரம் வைத்து எழுந்துவிடுவது நல்லது. தூக்கத்தில் எச்சில் விழுங்குவது குறைந்துவிடும். அப்படியும் அடைத்தால், வாயை மூடி, மூக்கைப் பொத்திக்கொண்டு மெதுவாக ஊதுங்கள். ‘மெதுவாக’ என்பது முக்கியம், பலூன் ஊதுகிற வேகம் வேண்டாம். கைக்குழந்தை கூட வந்தால் இறங்கும் நேரத்தில் பால் கொடுத்தாலே போதும். கடுமையான சளியோடு பறக்கத்தான் வேண்டும் என்றால், முந்தைய நாளே ஒரு ஈ.என்.டி டாக்டரைப் பார்த்துவிடுங்கள்.

அதே காற்றழுத்தம் வயிற்றிலும் வேலையைக் காட்டும். உயரத்தில் வாயு ஏறக்குறைய கால் பங்குக்கு மேல் விரியும். ஏர்போர்ட் போகிற வழியில் பரோட்டா, மேலே ஏறியதும் ஒரு சோடா என்று போனால் பக்கத்து சீட்காரர் பாவம். இட்லி, தயிர் சாதம் மாதிரி லேசாகச் சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள். ஃப்ளைட் சாப்பாடு ஏன் சப்பென்று இருக்கிறது என்று திட்டுபவர்களுக்கு ஒரு தகவல்: வறண்ட காற்றிலும் குறைந்த அழுத்தத்திலும் உப்பும் இனிப்பும் நாக்குக்குக் குறைவாகத்தான் தெரியும். சமையல்காரர் மேல் முழுப்பழியையும் போட வேண்டாம்.

கேபினில் ஈரப்பதம் பொதுவாக 20 சதவிகிதத்துக்கும் கீழே. சென்னைக்காரர்களுக்குப் பழக்கமே இல்லாத வறட்சி இது. கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டுக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். காலி பாட்டிலைக் கொண்டுபோய் செக்யூரிட்டி தாண்டியதும் நிரப்பிக்கொண்டால், உள்ளே தண்ணீர் பாட்டிலுக்கு அழ வேண்டியதில்லை.

நாலு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும் பயணங்களில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு சுமார் இரண்டு மடங்காகிறது என்று 2007-ல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. பயப்பட வேண்டாம். ஆரோக்கியமானவர்களுக்கு அந்த வாய்ப்பு முதலிலேயே ரொம்பக் குறைவு. இது ஃப்ளைட்டுக்கு மட்டுமல்ல, சென்னை டு திருநெல்வேலி பஸ்ஸுக்கும் பொருந்தும். அவ்வப்போது பாதத்தை மேலும் கீழும் ஆட்டுங்கள், ஒருமுறை எழுந்து நடங்கள். கருத்தடை மாத்திரை எடுப்பவர்கள், சமீபத்தில் ஆபரேஷன் ஆனவர்கள், கர்ப்பிணிகள் மட்டும் நீண்ட பயணத்துக்கு முன் டாக்டரிடம் கேட்டுவிடுவது நல்லது.

சீட் விஷயத்தில் என் அபிப்பிராயம்: ஆட்டம் பிடிக்காதவர்களுக்கு இறக்கைக்குப் பக்கம், சத்தம் பிடிக்காதவர்களுக்கு முன்பக்கம், அடிக்கடி எழுந்திருப்பவர்களுக்கு நடைபாதை ஓரம். ஜன்னல் சீட் போட்டோவுக்கு மட்டும்தான். அட, தூங்குபவர்களுக்கும்.

பையில் பவர் பேங்க் இருந்தால் அது கேபினில்தான் வர வேண்டும், செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது. சில ஏர்லைன்ஸ் அதை உள்ளே பயன்படுத்தவும் விடுவதில்லை. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2025 ஏப்ரல் 1 முதல் தடை செய்துவிட்டது. அதனால் போனை வீட்டிலேயே முழுக்க சார்ஜ் போட்டுவிடுங்கள். இன்னொன்று, அம்மா கட்டிக்கொடுக்கும் கொப்பரைத் தேங்காய். எண்ணெய்ப் பசையால் தீப்பிடிக்கும் பொருள் என்ற கணக்கில் அதற்கு அனுமதி கிடையாது. சாதாரணத் தேங்காய்க்கே கேபினில் கெடுபிடி உண்டு. 2024-ல் சபரிமலை பக்தர்களின் இருமுடித் தேங்காய்க்கு மத்திய அரசு தனியாகத் தற்காலிக விலக்கு கொடுக்க வேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

‘அக்கா, மறுபடி எப்போ வருவீங்க?’

இப்போது இரண்டாவது விஷயம். காலேஜ் இறுதி ஆண்டில் நாங்கள் பத்துப் பேர் ஒரு மலைக்கிராமத்து விடுதிக்கு ஐந்து நாள் ‘சேவை’க்குப் போனோம். பாட்டு, டிராயிங், விளையாட்டு என அமர்க்களம். கிளம்பும்போது ஒரு குட்டிப் பெண் என் கையை விடவே இல்லை. ‘அக்கா, மறுபடி எப்போ வருவீங்க?’ என்றாள். ‘அடுத்த மாசம்’ என்றேன். போகவில்லை. பிறகு அங்கிருந்த டீச்சரிடம் போனில் பேசியபோது அவர் கோபப்படவில்லை. ‘உங்களுக்கு முன்னாடி வந்தவங்களும் அடுத்த மாசம்னுதாம்மா சொன்னாங்க’ என்றார். எங்களிடம் போட்டோ நிறைய இருந்தது. அந்தக் குழந்தைக்கு, வந்து பழகிவிட்டுக் காணாமல் போனவர்களின் பட்டியலில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்ததுதான் மிச்சம்.

இது என் ஒருத்தியின் குற்ற உணர்ச்சி மட்டுமல்ல. கம்போடியாவிலும் நேபாளத்திலும் வெளிநாட்டுத் தன்னார்வலர்களின் பணத்தை நம்பியே ஆதரவற்றோர் இல்லங்கள் முளைத்தன. அவற்றில் இருந்த குழந்தைகள் பலருக்கு அப்பாவோ அம்மாவோ உயிரோடு இருந்தார்கள். ‘நல்லாப் படிக்க வைப்போம்’ என்று சொல்லி ஏழைக் குடும்பங்களிலிருந்து அழைத்து வரப்பட்டவர்கள். பார்வையாளர்கள் வந்தால் பணம் வரும், பணம் வர குழந்தைகள் வேண்டும். இந்தச் சுழற்சியைப் பார்த்துத்தான், ‘குழந்தைகள் சுற்றுலாத் தலம் அல்ல’ என்று கம்போடியாவில் பெரிய பிரசாரமே நடந்தது. ஆகவே, லீவில் ஆதரவற்றோர் இல்லத்துக்கு ஒரு வாரம் போவது என்பதை லிஸ்ட்டிலிருந்தே எடுத்துவிடலாம். குழந்தைகளோடு வேலை செய்ய ஆசை என்றால் உங்கள் ஏரியாவிலேயே வாரம் ஒரு மணி நேரம், ஒரு வருடம் முழுக்கப் போய்ப் பாருங்கள்.

ஒரு இடம் சரியானதா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நான் பார்ப்பது, அவர்கள் நம்மைப் பற்றி எவ்வளவு கேட்கிறார்கள் என்பதை. என்ன படித்தாய், எத்தனை நாள் இருப்பாய், முன் அனுபவம் உண்டா, ஏதாவது அடையாள ஆவணம், போலீஸ் சரிபார்ப்பு... எதுவுமே கேட்காமல் ‘பணம் கட்டுங்க, வாங்க’ என்றால் அங்கே நீங்கள் தன்னார்வலர் இல்லை, கஸ்டமர். கட்டணம் வாங்குவதே தப்பு என்று சொல்லவில்லை. உங்கள் சாப்பாட்டுக்கும் தங்குமிடத்துக்கும் யாராவது செலவு செய்துதானே ஆக வேண்டும்? எதற்கு எவ்வளவு என்று கேளுங்கள். கணக்குச் சொல்வார்கள் என்றால் நல்ல இடம். அதே மாதிரி, சம்பளம் கொடுத்து உள்ளூர் கொத்தனாரை வைத்தால் ஒரே நாளில் முடிகிற சுவரை, நீங்கள் பத்து நாள் கட்டி அவர் கூலியைக் கெடுக்கிறீர்களா என்றும் யோசியுங்கள்.

யானைக் காப்பகங்களுக்கும் ஒரு சின்ன டெஸ்ட் உண்டு. சவாரி இருக்கிறதா, வித்தை காட்டுகிறதா? இருந்தால் அது பெயரளவில்தான் காப்பகம். தாய்லாந்தின் சியாங் மாய் அருகே இருக்கும் ‘எலிஃபன்ட் நேச்சர் பார்க்’கில் தன்னார்வலர்கள் பெரும்பாலும் சாணி அள்ளுவார்கள், பழம் நறுக்குவார்கள். யானை மேல் ஏறுவதில்லை. இன்ஸ்டா ரீலுக்குச் சுமாரான கன்டென்ட்தான், யானைக்கு நல்லது.

பண்ணை வேலை பிடித்தவர்களுக்கு 1971-ல் இங்கிலாந்தில் ஆரம்பித்த ‘வூஃப்’ அமைப்பு பல நாடுகளில் இருக்கிறது. இயற்கை விவசாயப் பண்ணையில் தினமும் சில மணி நேர வேலை, பதிலுக்குச் சாப்பாடும் தங்குமிடமும். ஃப்ளைட்டே வேண்டாம் என்றால் ஆரோவில்லில் 2003 முதல் இயங்கும் ‘சாதனா ஃபாரஸ்ட்’ இருக்கிறது. இந்தப் பகுதிக்கே உரிய வறண்ட பசுமைக்காட்டை மீட்டெடுக்கும் வேலை. சாப்பாடு முழுக்க வீகன். பால் கலந்த டீ கிடைக்காது, மனதைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சிகரெட், மதுவுக்கும் இடமில்லை.

வெளிநாடு என்றால் விசாவில் உஷாராக இருங்கள். சம்பளமே வாங்காவிட்டாலும், டூரிஸ்ட் விசாவில் வேலை செய்வதைப் பல நாடுகள் அனுமதிப்பதில்லை. பிரிட்டனில் விசிட்டர் விசாவில் இருப்பவர், பதிவுபெற்ற தொண்டு நிறுவனத்தில் மொத்தம் 30 நாள் வரை தன்னார்வப் பணி செய்யலாம். இப்படி ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு கணக்கு. ‘இமிக்ரேஷன்ல கேட்டா டூர்னு சொல்லிடுங்க’ என்று ஏஜென்ட் சொன்னால் அந்த ஏஜென்ட்டை மாற்றுங்கள். மாட்டினால் திருப்பி அனுப்பப்படுவது நீங்கள்தான். நாய், பூனை காப்பகம் என்றால் வெறிநாய்க்கடித் தடுப்பூசியை முன்கூட்டியே போடுவது பற்றி டாக்டரிடம் பேசுங்கள். டெட்டனஸ் ஊசி எப்போது போட்டீர்கள் என்பதையும் பாருங்கள். டிராவல் இன்ஷூரன்ஸில் தன்னார்வ வேலையில் படும் காயம் சேருமா என்பதை பாலிசியில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ட்ரிப் முடிவில் ஸ்கூபா டைவிங் வைத்திருந்தால், கடைசி டைவுக்கும் திரும்பும் ஃப்ளைட்டுக்கும் குறைந்தது 18 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன், ‘ஊட்டி உயரத்துக்கு’ ஏறும்போது குமிழியாக மாறினால் ஆபத்து.

லீவும் கிடைக்கவில்லை, காசும் இல்லை என்பவர்களுக்கு சென்னை கடற்கரையே இருக்கிறது. ஜனவரி முதல் ஆலிவ் ரிட்லி ஆமைகள் முட்டையிட வரும். 1988 முதல் மாணவர்கள் நடத்தும் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பாதுகாக்கிறது. சீசனில் வார இறுதி இரவுகளில் பொதுமக்களும் கூட நடக்கலாம். 2025 ஜனவரியில் இதே கரையில்தான் நூற்றுக்கணக்கான ஆமைகள் செத்து ஒதுங்கின. மணலில் சுமார் ஏழு கிலோமீட்டர் நடை. நல்ல செருப்பு, தண்ணீர் பாட்டில் போதும். போன் டார்ச்சையும் கேமரா ஃப்ளாஷையும் ஆஃப் செய்துவிட்டு வாருங்கள். வெளிச்சத்தைப் பார்த்தால் முட்டையிட வந்த ஆமை அப்படியே கடலுக்குத் திரும்பிவிடும்.