நீலச் சாலும் அணு வளையமும்

முதலியார்பேட்டையில் வாழும் எனக்கு, 1898-இல் தோன்றி 2020-இல் மூடப்பட்ட ரோடியர் ஆலையைக் காணுந்தோறும், அதற்கும் முற்பட்ட நீலத் துணி வாணிகமே நினைவுக்கு வரும். புதுச்சேரியின் நீலத் துணி பிரெஞ்சுக் கப்பல்களில் ஏறி ஆப்பிரிக்காவின் செனகலை அடைந்தது. ஆங்கே பிசின் வாங்குவதற்கு அத்துணியே நாணயமாய் வழங்கிற்று.

அவுரி நீலம் நீரில் கரையாது. கரையாத ஒன்று நூலினுள் எங்ஙனம் புகும்? தென்னாட்டுச் சாயக்காரர் சுண்ணாம்பும் உவர்மண்ணும் வேகவைத்த தகரை விதையும் சாலில் இட்டுப் புளிக்க வைத்தனர். அப்புளிப்பு விடுவித்த எலெக்ட்ரான்களை நீல மூலக்கூறு ஏற்று, மஞ்சள் நிறமுற்றுக் கரைந்தது. துணியை வெளியே எடுத்ததும் காற்றின் ஆக்சிஜன் அவற்றைப் பறித்துக்கொள்ள, நூலுக்குள்ளேயே நீலம் மீண்டது. எலெக்ட்ரானைத் தாம்சன் கண்டறிந்ததோ 1897-இல்தான்!

அதே 1897-இல் ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் செயற்கை நீலத்தைச் சந்தைக்கு அனுப்பியது. நீல மூலக்கூறின் அமைப்பை, இரு முனையிலும் பென்சீன் வளையங்களோடு, பேயர் 1883-இல் வெளியிட்டிருந்தார். அவுரியின் விலை வீழ்ந்தது. பீகாரின் சம்பாரணில் தோட்டத் துரைமார் தம் நட்டத்தைக் குத்தகை உயர்வாகக் குடியானவர் தலையில் சுமத்தினர். 1917-இல் காந்தியடிகள் அங்குச் செல்ல நேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இவ்வரலாற்றை வேதியியலுக்குப் பாதியாகவும் சரித்திரத்துக்குப் பாதியாகவும் நம் பாடநூல்கள் பிரித்து வைத்திருப்பது எனக்கு உடன்பாடன்று.

மூலக்கூறு ஒன்று எலெக்ட்ரானை எவ்வளவு இறுகப் பற்றும் என்பதையே எலெக்ட்ரான் நாட்டம் என்கிறோம். பென்சீன் தனித்து நின்றால் மேலும் ஓர் எலெக்ட்ரானைப் பிடித்து வைக்க வல்லதன்று. ஐந்து கரியணுக்கள் கொண்ட வளையமோ விரும்பி ஏற்கும். வளையத்தைச் சுற்றி உலவும் எலெக்ட்ரான்கள் ஆறானால் உறுதி மிகும் என்பது 1931-இல் ஹுக்கெல் வகுத்த விதியின் பயன். பென்சீனுக்கு ஆறும் நிறைந்துள்ளன. ஐந்துடையதற்கு ஒன்று குறை.

தனிமங்களுள் இந்நாட்டம் மிகுந்தது குளோரின். 2014-இல், இந்தியாவில் பிறந்து அமெரிக்காவில் ஆய்வு செய்த பூரு ஜெனாவும் அவர் குழுவினரும், வளையங்களின் அணுக்களைக் கணினிக் கணக்கிலேயே மாற்றி மாற்றிப் பார்த்து, குளோரினையும் விஞ்சும் கரிம மூலக்கூறுகளை வகுத்துக் காட்டினர். சாலில்லை, அடுப்பில்லை, குவாண்டம் சமன்பாடுகளே கருவி. லித்தியம் மின்கலங்களுக்கு ஏற்ற உப்புகளைத் தேடுவோர்க்கு இத்தகைய கணக்குகள் துணையாகின்றன. அவ்வகை வளையங்களுள் ஒன்றை, ஐந்து முனையிலும் சயனோ தொகுதி ஏற்றதை, வெப்ஸ்டர் என்னும் அமெரிக்கர் 1960-களிலேயே குடுவையில் ஆக்கியிருந்தார். நம் அவுரி நீலம் போல அது காற்றுக்குத் தன் எலெக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுப்பதில்லை.