பொது மூலத்தின் நினைவு: கிளைகள் ஒன்றிணைந்த வரலாறு

ஒரே நூலின் இரண்டு சுவடிகள் கிடைக்கின்றன. ஒன்றில் ஒரு செய்யுள் இருக்கிறது; மற்றொன்றில் இல்லை. ஒருவர் புதிதாகச் சேர்த்தாரா, மற்றவர் விட்டுவிட்டாரா? இவ்விரு சுவடிகளை மட்டும் வைத்துக்கொண்டு உறுதியாக விடை கூற இயலாது. இரண்டும் எந்த ஏட்டிலிருந்து படியெடுக்கப்பட்டனவோ அந்தத் தாய்ப்பிரதி கிடைத்தால் ஐயம் உடனே தீரும். மூலபாட ஆய்வு பயின்றோர் நன்கறிந்த இச்சிக்கலையே மென்பொருள் எழுதுவோரும் எதிர்கொண்டனர். பதிப்பு மேலாண்மைக் கருவிகளின் வரலாற்றை, தாய்ப்பிரதியை நினைவில் வைத்துக்கொள்ளக் கணினி கற்ற வரலாறாகவே நான் வாசிக்கிறேன்.

1972ஆம் ஆண்டு பெல் ஆய்வகத்தில் மார்க் ரோச்கைண்ட் எஸ்.சி.சி.எஸ். என்னும் கருவியை உருவாக்கினார். 1982இல் பர்டூ பல்கலைக்கழகத்தில் வால்டர் டிச்சி ஆர்.சி.எஸ். என்பதை வெளியிட்டார். இவ்விரண்டிலும் வழக்கமான பணிமுறை பூட்டுதான். ஒருவர் ஒரு கோப்பைத் திருத்த எடுத்தால், அவர் திருப்பித் தரும்வரை மற்றவர் காத்திருக்க வேண்டும். மூன்று கோப்புகளை ஒப்பிடும் டிஃப்3 என்னும் கருவி 1979ஆம் ஆண்டின் யுனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. எனினும், எந்த மூன்றை ஒப்பிட வேண்டும் என்பதை மனிதரே நினைவில் வைத்திருக்க வேண்டியிருந்தது.

பூட்டைத் துறக்கும் தேவை ஓர் ஆய்வுக்குழுவில்தான் எழுந்தது. ஆம்ஸ்டர்டாமின் விரைய பல்கலைக்கழகத்தில் டிக் க்ரூன் தம் மாணவர் இருவருடன் ஒரு சி நிரல்பெயர்ப்பியை எழுதிக்கொண்டிருந்தார். ஒரு மாணவர் அலுவலக நேரத்தில் பணியாற்றுபவர். மற்றவர் காலவரையறைக்குள் அடங்காதவர். க்ரூனுக்கோ மாலைப்பொழுது மட்டுமே வாய்த்தது. ஒருவருக்காக மற்றவர் காத்திருப்பது இயலாத நிலையில், ஆர்.சி.எஸ்.ஸின் மேல் அவர் எழுதிய சிறு கட்டளைத் தொகுப்பே சி.வி.எஸ். அது 1986இல் வெளியாயிற்று. 1989இல் பிரையன் பெர்லினர் அதனைச் சி மொழியில் புதிதாக எழுதினார். எல்லோரும் ஒரே நேரத்தில் திருத்தலாம், பின்னர் ஒன்றிணைத்துக்கொள்ளலாம் என்பது இதன் கொள்கை.

ஆயினும் சி.வி.எஸ்.ஸுக்கு மறதி இருந்தது. ஒரு கிளையை மற்றொன்றுடன் இணைத்தால், அதன் விளைவு ஒரு சாதாரணத் திருத்தமாகவே பதிவாகும். அது ஓர் இணைப்பின் விளைவு என்னும் குறிப்பு எங்கும் இராது. அதே கிளையை இரண்டாம் முறை இணைக்கும்போது, ஏற்கெனவே வந்துசேர்ந்த திருத்தங்கள் மீண்டும் வந்து மோதும். இதைத் தவிர்க்கப் பயனரே அடையாளக் குறிகளை இட்டுவைக்க வேண்டியிருந்தது. இதன் வழித்தோன்றலான சப்வெர்ஷன், எது எப்போது இணைக்கப்பட்டது என்பதைத் தானே பதிவுசெய்யத் தொடங்கியது 2008ஆம் ஆண்டின் 1.5 பதிப்பில்தான்.

இதற்கிடையே 2005 ஏப்ரலில், லினக்ஸ் கருநிரல் குழுவினர் அதுவரை பயன்படுத்திவந்த பிட்கீப்பரின் இலவச உரிமம் விலக்கிக்கொள்ளப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் சில நாட்களிலேயே கிட் என்னும் கருவியை எழுதினார். அதில் ஒரு கமிட்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோர் இருக்கலாம். இரு கிளைகள் கூடிய இடம் வரலாற்றிலேயே பொறிக்கப்படுவதால், பொது மூலத்தைக் கருவியே தேடிக் கண்டுகொள்கிறது.

கட்டளை வரியில் இது எளிய செயல். திருத்தங்களைப் பெறவேண்டிய கிளையில் நின்றுகொண்டு, 'கிட் மெர்ஜ்' என எழுதி, இணைக்கவேண்டிய கிளையின் பெயரைத் தருகிறோம். கருவி மூன்று பாடங்களை ஒப்பிடுகிறது: நம் பாடம், அவர் பாடம், பொது மூலம். மூலத்திலிருந்து ஒருவர் மட்டும் மாற்றிய இடத்தில் அம்மாற்றம் ஏற்கப்படும். இருவரும் ஒரே இடத்தை வெவ்வேறாக மாற்றியிருந்தால் கருவி தீர்ப்புச் சொல்லாது. நம்மிடம் விட்டுவிட்டு நின்றுவிடும். கிளைகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிப் பொது மூலங்கள் ஒன்றுக்கு மேற்பட்டிருந்தால், அம்மூலங்களையே முதலில் இணைத்து, எவரும் எழுதாத ஒரு மூலத்தைக் கற்பித்துக்கொள்ளும். சான்றில்லாத மூலத் திராவிட வடிவங்களை மீட்டுருவாக்கும் ஒப்பியல் மொழியியலாளருக்கு இம்முறை அந்நியமானதன்று.

ஆனால் கருவி ஒப்பிடுவது வரிகளை, பொருளையன்று. ஓர் அகராதித் தரவில் ஒருவர் ஒலிபெயர்ப்பு முறையை முழுவதும் மாற்றுகிறார். மற்றொருவர் தம் கிளையில் பழைய முறையிலேயே நூறு புதுப் பதிவுகளைச் சேர்க்கிறார். அவை வெவ்வேறு கோப்புகளில் இருந்தால் இணைப்பு முரணின்றி முடிந்துவிடும். தரவோ இரு முறைகள் கலந்து பழுதாகிக் கிடக்கும். முரண் எழவில்லை என்பது பாடம் சரி என்பதற்குச் சான்றாகாது.

முரண் எழும்போது செய்யத்தக்கவை சில. கிட் இயல்பாக இரு தரப்புப் பாடங்களை மட்டுமே கோப்பினுள் காட்டும், தாய்ப்பிரதியை மறைத்துவிடும். 'மெர்ஜ்.கான்ஃபிளிக்ட்ஸ்டைல்' என்னும் அமைப்பை 'டிஃப்3' என மாற்றினால் மூலபாடமும் நடுவே தோன்றும். யார் எதை மாற்றினார் என்பது அப்போதுதான் விளங்கும். தெளிவில்லையெனில் 'கிட் மெர்ஜ் --அபார்ட்' எனக் கட்டளையிட்டுப் பின்வாங்கி, உடன் உழைத்தவரிடம் கேட்டுவிட்டு வரலாம்.

அவசரத்தில் நம் பாடத்தையே வைத்துக்கொண்டு மற்றவர் பாடத்தை அழித்து இணைப்பை முடிப்பதுதான் பேரிழப்பு. அக்கிளை இணைக்கப்பட்டுவிட்டதாகவே வரலாறு பதிவுசெய்யும். மீண்டும் அதே கட்டளையைத் தந்தாலும் புதிதாக இணைக்க ஏதுமில்லை என்றே விடை வரும். உடன் ஆய்வாளரின் பல மாத உழைப்பு பழைய கமிட்டுகளில் இருக்கும், நூலில் இராது. ஏடெழுதுவோர் ஒரு வரியை விட்டுவிட்டால் அடுத்த படிகள் அந்த விடுபாட்டையே பாடமாகக் கொண்டதுபோல, கிட்டும் நம் அலட்சியத்தை ஒரு முடிவாகவே ஏற்றுக்கொள்கிறது. கூட்டாய்வில் ஈடுபடும் மாணவர்கள் இணைப்பைப் பதிப்பாசிரியரின் பொறுப்போடு செய்ய வேண்டும்.