கிழிந்த கோனுக்குச் சத்திரப்பட்டித் துணி

ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ஸ்டீரியோ வருவதற்கு முன்பே ஸ்பீக்கர் பழுதுபார்க்கும் கை வந்துவிட்டது. மைக் செட் தந்த கை அது. கல்யாணம், சடங்கு, பொங்கல் சாட்டு, பூக்குழி, ஆடிப்பூரத் தேர் என்று குழாய் ஸ்பீக்கர் கட்டாத விசேஷம் எங்கள் பக்கம் கிடையாது. விடிய விடிய முழுச் சத்தத்தில் பாடினால் குழாயின் யூனிட்டுக்குள் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், கருகிவிடும். மறுநாள் வேறு ஊரில் விசேஷம் இருக்கும். மதுரைக்குக் கொடுத்தனுப்பிவிட்டுக் காத்திருக்க முடியாது. செட் வைத்திருந்தவர்களே காயில் கட்டப் பழகினார்கள்.

குழாயானாலும் வீட்டுப் பெட்டியானாலும் சூத்திரம் ஒன்றுதான்: காந்த இடைவெளியில் ஆடும் காயில். அதைக் காகிதக் கோனோடு சேர்த்து, 1925-ல் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கில் ரைஸும் கெல்லாக்கும் வகுத்த அமைப்பு இன்றுவரை பெரிதாக மாறவில்லை. அதனால்தான் 1978-ல் 'ப்ரியா' பாடல்களை இளையராஜா ஸ்டீரியோவில் பதிவுசெய்து, வீட்டுக்கு இரண்டு பெட்டி வேண்டும் என்ற ஆசை பரவியபோது, மைக் செட்காரர்களுக்கு அந்த வேலை புதிதாக இல்லை. பெட்டியை ஆசாரி செய்தார். உள்ளே உள்ளதை இவர்கள் பார்த்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்துப் பெட்டிகளில் பலவற்றுக்கு எமன் கோனைச் சுற்றியுள்ள ஃபோம் விளிம்புதான். காற்றின் ஈரம் அதைச் சிதைக்கும்; பத்து, இருபது ஆண்டுகளில் தொட்டால் உதிரும். அதற்கும் மூத்த துணி விளிம்பு ஸ்பீக்கர்கள் நன்றாகவே பாடிக்கொண்டிருக்கின்றன. ஃபோம் போனதற்காகக் கோனையே மாற்றுவதை நான் ஒப்புக்கொள்வதில்லை. அந்தக் காகிதத்தின் கனமும் விறைப்பும்தான் அந்த ஸ்பீக்கரின் குரல். கோனில் கிழிசல் இருந்தால், ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியில் ஒரு துண்டு வெட்டி, நீர்த்த பசையில் தோய்த்துப் பின்பக்கம் ஒட்டுகிறேன். அவ்வளவு லேசான, அவ்வளவு உறுதியான ஒட்டு வேறு எதிலும் எனக்குக் கிடைக்கவில்லை.

விளிம்பு மாற்றும்போது பொறுமை வேண்டும். நடு மூடியை அறுத்து, காயிலுக்கும் நடுத்தண்டுக்கும் இடையே பழைய போட்டோ நெகட்டிவ் துண்டுகளைச் செருகினால் காயில் அசையாமல் நடுவில் நிற்கும். புது விளிம்பை ஒட்டி ஓர் இரவு காயவிட்டுத்தான் அவற்றை உருவ வேண்டும். பிறகு ஒன்றரை வோல்ட் பேட்டரியைத் தொட்டுப் பார்ப்பேன். இரண்டு பெட்டியின் கோனும் ஒரே பக்கம் தள்ள வேண்டும். எதிரெதிராகத் தள்ளினால் பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும். ஜாலரா மங்கலாகக் கேட்டால் கண்டென்சர் காய்ந்திருக்கும்.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ல் ஒலி மாசு விதிகள் வந்தன. குழாய்களும் குறைந்தன. காயில் கட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிவிட்டது. அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ள இன்னும் நேரமிருக்கிறது.

பரணில் பழைய பெட்டி இருந்தால் எடைக்குப் போடுமுன் ஸ்பீக்கரின் பின்பக்கத்தைப் பாருங்கள். தட்டையான கறுப்பு வளையம் என்றால் ஃபெரைட் காந்தம். உலோக மூடிக்குள் சிறியதாக இருந்தால் அல்னிகோவாக இருக்கலாம். அதில் கோபால்ட் உண்டு. 1978-ல் ஆப்பிரிக்காவின் ஜயரில் (இன்றைய காங்கோ ஜனநாயகக் குடியரசு) நடந்த சண்டையால் கோபால்ட் விலை ஏறியபின் கம்பெனிகள் பெரும்பாலும் ஃபெரைட்டுக்கு மாறிவிட்டன; அதனால் அல்னிகோவை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.